உறுதி இல்லாத வீடு

(ஸ்காபரோவில் நடந்த மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தலைவர் என்னைப் பற்றிக் கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டார். நான் சட்டத்தரணி இல்லை. வீடு விற்பனை முகவரும் இல்லை. ஆகையால் போகும்போது என் முகம் அச்சடித்த கலண்டர் கிடைக்கும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம். சட்டத்தரணி ஒருவரின் அலுவலகத்தில் 26 வருடம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவன். வீடு வாங்க வருகிறவர்களின் தாள்களை அடுக்குவது, கையெழுத்து விழ வேண்டிய இடங்களில் மஞ்சள் துண்டு ஒட்டுவது, கடைசி நாளில் திறப்பை எடுத்துக் கொடுப்பது, இவைதான் என் உத்தியோகம்.

2004இல் ஒரு நாள் ஓர் அம்மாவும் அவருடைய மகனும் வந்திருந்தார்கள். ஸ்காபரோவில் ஒரு சிறிய ரவுன்ஹவுஸ். எல்லாம் முடிந்து திறப்பைக் கொடுத்தேன். மகன் எழும்பிவிட்டான். அம்மா எழும்பவில்லை. கையை நீட்டியபடி இருந்தார்.

"தம்பி, திறப்புச் சரி. உறுதி எங்கை?"

இங்கே உறுதி என்று ஒரு தாள் கிடையாது அம்மா, எல்லாம் காணிப் பதிவகத்தின் கணினியில் இருக்கிறது என்றேன். கள்ளனைப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை பார்த்தார். பிறகு கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த பொலித்தீன் பை ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே வலிகாமம் வடக்கில் அவருடைய சீதன வளவின் உறுதி. நொத்தாரிசின் கையொப்பம், முத்திரை, மடிப்பு விழுந்த இடமெல்லாம் ஒட்டுத்தாள். 1990இல் பலாலிப் பக்கத்திலிருந்து எழும்பி வரும்போது எடுத்து வந்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமமே எழும்பி நடந்தபோது, இடுப்பில் கட்டிக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்தாராம். வன்னி, கொழும்பு, ரொறன்ரோ. வீடு இராணுவ வலயத்துக்குள் கிடந்தது. பதினான்கு வருடமாக அவர் அதைக் கண்ணால் காணவில்லை.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. அந்த அம்மாவுக்கு அங்கே உறுதி இருக்கிறது, வீட்டுக்குள் போக முடியாது. இங்கே வீட்டுக்குள் போகலாம், உறுதி இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் இன்றைக்கு நான் கதைக்க வந்த விஷயம்.

*

ஊரில் எங்களில் எத்தனை பேர் வீடு வாங்கினோம்? கையை உயர்த்தச் சொன்னால் இந்த மண்டபத்தில் நாலு கை உயராது. யாழ்ப்பாணத்தில் வீடு என்பது வாங்கும் பொருள் இல்லை. வரும் பொருள். தாய் வழியாகச் சீதனமாக வரும், தகப்பன் வழியாக முதுசமாக வரும். இரண்டும் இல்லாதவர் கொழும்பிலோ மலேயாவிலோ உழைத்துத் தேடினால் அது தேடிய தேட்டம். ஒல்லாந்தர் 1707இல் எழுதி வைத்த தேசவழமைச் சட்டமே சொத்தை இப்படி மூன்றாகப் பிரித்துத்தான் பார்க்கிறது. காணியை வெளியாளுக்கு விற்க நினைத்தால் பங்காளிக்கும் உரித்தாளிக்கும் முதலில் அறிவித்துக் கேட்க வேண்டும். இந்த முன்வாங்கும் உரிமைக்கென்று 1947இல் தனிக் கட்டளைச் சட்டமே வந்தது. ஆக, அங்கே சந்தை என்பது வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்தான். விலையைவிட ஆள் முக்கியம்.

இப்படிப்பட்ட சனம் 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்தது. 1986இல் நியூபவுண்ட்லாந்துக் கரையில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 பேரை மீனவர்கள் கரைசேர்த்த கதை எல்லாருக்கும் தெரியும். ரொறன்ரோவில் முதலில் வெலஸ்லி வீதிப் பக்கம், சென் ஜேம்ஸ் ரவுனின் அடுக்குமாடிகள். ஓர் அறையில் ஆறு பேர். பிறகு ஸ்காபரோ, பிறகு மார்க்கம், ஏஜக்ஸ், பிரம்ரன். நாங்கள் நகர்ந்த பாதையைப் பார்த்தாலே வீட்டு விலை எந்தப் பக்கம் மலிவாக இருந்தது என்று வரைபடம் போடலாம்.

இங்கே எங்களுக்கு முதுசமும் இல்லை, சீதன வளவும் இல்லை. எங்கள் பரம்பரையிலேயே அறிமுகமில்லாத ஒருவரிடம் காசு கொடுத்து வீடு வாங்கிய முதல் ஆட்கள் நாங்கள்தான். அதைச் சொல்லித்தர வீட்டில் பெரியவர் யாரும் இருக்கவில்லை. அதனால் நாங்கள் சுவரைத் தட்டிப் பார்த்தோம், வாசல் கிழக்கா என்று பார்த்தோம், குசினி பெரிதா என்று பார்த்தோம். தாளைப் பார்க்கவில்லை.

*

தாள் என்று நான் சொல்வது முதலில் மோட்கேஜ்.

ஊரில் ஒற்றி என்று ஒன்று இருந்தது, பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். காணியை ஒற்றி வைத்தால் கடன் கொடுத்தவர் காணியை எடுத்து, அதன் தேங்காயையும் பனம்பழத்தையும் வட்டிக்குப் பதிலாக அனுபவிப்பார். முதல் அப்படியே நிற்கும். பத்து வருடம் கழித்துப் போனாலும் வாங்கிய தொகையைக் கொடுத்து மீட்கலாம். கடன் குட்டி போடாது. ஆனால் காணி உங்கள் கையில் இருக்காது.

மோட்கேஜ் இதற்கு நேர்மாறு. வீடு உங்கள் கையில் இருக்கும். தேங்காய் வங்கிக்குப் போகும்.

கணக்கைச் சொல்கிறேன். 500,000 டொலர் கடன், 25 வருடத்தில் கட்டி முடிப்பது, வட்டி 5 வீதம் என்று வையுங்கள். மாதம் சுமார் 2,908 டொலர். முதல் மாதக் கட்டணத்தில் கிட்டத்தட்ட 2,062 வட்டிக்குப் போகும். கடனில் குறைவது 846 மட்டும். 25 வருடமும் அதே வட்டியில் கட்டினால் மொத்தம் 872,000 டொலருக்கு மேல். இதைச் சொன்னதும் ஒரு தம்பி என்னிடம், "அண்ணை, இது அநியாயம்" என்றான். அநியாயம் இல்லை. அவன் போட்ட கையெழுத்துக்கு மேலே எல்லாம் எழுதியிருந்தது. மஞ்சள் துண்டு ஒட்டியதே நான்தான்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் 30 வருடத்துக்கு ஒரே வட்டியில் கடன் எடுக்கலாம். இங்கே அப்படி இல்லை. கடன் 25 வருடக் கடன், ஆனால் ஒப்பந்தம் பெரும்பாலும் ஐந்து வருடம். ஐந்து வருடம் முடிந்ததும் மிச்சக் கடனுக்குப் புதிதாக ஒப்பந்தம், அன்றைய வட்டியில். ஏன் ஐந்து? 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிறந்த பழைய சட்டவிதி ஒன்று வட்டிச் சட்டத்தில் இன்னும் இருக்கிறது. ஐந்து வருடம் தாண்டிய பிறகு தனிநபர் மூன்று மாத வட்டியைத் தண்டமாகக் கொடுத்துவிட்டுக் கடனை முழுக்கக் கட்டி வெளியேறலாம் என்கிறது அது. ஆகவே வங்கிகளுக்கு ஐந்துக்கு மேல் ஒரே வட்டியைக் கட்டிக்காப்பதில் விருப்பம் குறைவு. இது ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பெரிய காரணம்.

ஆக, நீங்கள் வாங்குவது ஒரு வீடு என்று நினைக்கிறீர்கள். நான் பார்த்தவரையில் நீங்கள் வாங்குவது ஒரு திகதி. ஐந்து வருடம் கழித்து, தெரியாத ஒரு நாளில், தெரியாத ஒரு வட்டியில் வந்து நிற்போம் என்று கொடுக்கும் வாக்கு. அந்தத் திகதியில் உங்களுக்கு வேலை இருக்குமா, கணவன் மனைவி ஒரே வீட்டில் இருப்பீர்களா, மத்திய வங்கி என்ன மனநிலையில் இருக்கும், ஒன்றும் தெரியாது.

2020 மார்ச்சில் கனடா வங்கி தன் வட்டியை 0.25 வீதத்துக்கு இறக்கியது. இரண்டு வருடம் அப்படியே வைத்திருந்தது. 2022 பெப்ரவரியில் ரொறன்ரோப் பெரும்பாகத்தில் சராசரி வீட்டு விலை 13 இலட்சத்து 30 ஆயிரம் டொலரைத் தாண்டியது. அடுத்த மாதமே வட்டி ஏறத் தொடங்கியது. 2023 ஜூலையில் 5 வீதம். 2024 ஜூனில்தான் முதல் இறக்கம்.

2 வீத வட்டியில் எடுத்த அதே 500,000 டொலர்க் கடனுக்கு மாதக் கட்டணம் சுமார் 2,117. ஐந்து வருடம் ஒழுங்காகக் கட்டினால் மிச்சம் சுமார் 418,850. அதை 5 வீதத்தில் புதுப்பித்தால் மாதம் 2,752. கடன் குறைந்திருக்கிறது, கட்டணம் 635 டொலர் கூடியிருக்கிறது. இது நிலையான வட்டி எடுத்தவருடைய நிலைமை. மாறும் வட்டி எடுத்த சிலருக்கு மாதக் கட்டணம் மாறவில்லை, அதனால் சந்தோஷமாக இருந்தார்கள். உள்ளே என்ன நடந்தது தெரியுமா? கட்டுகிற காசு வட்டிக்கே போதாமல், மிச்ச வட்டி முதலோடு சேர்ந்தது. மாதாமாதம் கட்டக் கட்டக் கடன் வளர்ந்தது. ஒற்றி வைத்த எங்கள் பாட்டனுக்கு இதைச் சொன்னால் அவர் நம்ப மாட்டார்.

"வீட்டு விலை இறங்காது" என்பது எங்கள் சமூகத்தில் ஒரு மந்திரம். கலியாண வீட்டில், கோயில் வீதியில், எங்கேயும் கேட்கலாம். இளையவர்கள் நம்பியதில் வியப்பில்லை. அவர்கள் அதுவரை பெரிய இறக்கத்தைக் கண்டதில்லை. ஆனால் 1989இல் இங்கே சராசரி விலை 273,000 டொலர் அளவில் இருந்தது. 1996இல் 198,000. மறுபடி அந்த இடத்துக்கு வர 2002 ஆனது. பதின்மூன்று வருடம். 89இல் வாங்கி, வேலை போய், திறப்பை வங்கியிடம் கொடுத்துவிட்டு மறுபடி அடுக்குமாடிக்குப் போன குடும்பங்கள் எங்களுக்குள்ளேயே உண்டு. அவர்கள் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. வெட்கம். அந்த வெட்கத்தால் அடுத்த பரம்பரைக்குப் போகவேண்டிய ஒரு பாடம் போகாமல் விட்டது.

2022இலும் அதே போல. வாசலில் கார் வரிசை, மற்றவர் என்ன விலை எழுதினார் என்று தெரியாத ஏலம், நிபந்தனை எதுவும் இல்லாத விலைக்கடிதம். பெப்ரவரியில் ஒப்புக்கொண்டார்கள், மே மாதம் திறப்பு எடுக்க வேண்டும். இடையில் வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் ஒப்புக்கொண்ட விலையைவிட ஒரு இலட்சம், இரண்டு இலட்சம் குறைத்து மதிப்பிட்டார். வங்கி தன் மதிப்புக்குத்தான் கடன் தரும். மிச்சம் உங்கள் பையிலிருந்து வர வேண்டும். வராவிட்டால் வைப்புப் பணம் போகும்; விற்பவர் குறைந்த விலைக்கு வேறொருவருக்கு விற்று, வித்தியாசத்தையும் கேட்டு வழக்குப் போடுவார். அந்த வருடம் எங்கள் அலுவலகத்தில் ரிஷூப் பெட்டி அடிக்கடி முடிந்தது. காசாளர் என்னிடம் புறுபுறுத்தார்.

*

முன்பணத்துக்கு வருகிறேன். இதில்தான் எங்கள் ஊர்ப் பழக்கமும் இந்த நாட்டுச் சட்டமும் நெற்றியோடு நெற்றி முட்டும்.

500,000 வரைக்கும் 5 வீதம், அதற்கு மேல் உள்ள பகுதிக்கு 10 வீதம். இது குறைந்தபட்சம். 800,000 டொலர் வீட்டுக்கு 25,000 கூட்டல் 30,000, மொத்தம் 55,000. 20 வீதத்துக்குக் குறைவாகக் கொடுத்தால் கடனுக்குக் காப்புறுதி எடுக்க வேண்டும். இந்த ஏற்பாடு 1954இலிருந்து இருக்கிறது. காப்புறுதி யாரைக் காப்பாற்றுகிறது என்று கேட்டால் பலர் "எங்களை" என்பார்கள். இல்லை. வங்கியை. கட்டணம் உங்களுடையது, பாதுகாப்பு வங்கியுடையது. இந்த உதாரணத்தில் அது கடனில் 4 வீதம், 29,800 டொலர். அதைக் கடனோடு சேர்த்துவிடலாம். ஆனால் அதன்மேல் ஒன்ராறியோ போடும் 8 வீத வரியை, 2,384 டொலரை, கையில் வைக்க வேண்டும். இதைக் கடைசி வாரம்வரை யாரும் சொல்வதில்லை.

இந்த 55,000 எங்கிருந்து வரும்? சீட்டு. இந்த ஊரில் எங்கள் ஆட்களின் எத்தனை வீடுகளின் முதல் செங்கல் சீட்டுக் காசு என்று கணக்கெடுத்தால் வங்கிகளே வெட்கப்படும். நான் சீட்டுக்கு எதிரி இல்லை. நானும் பிடித்தேன். ஆனால் வங்கி முன்பணம் எங்கிருந்து வந்தது என்று 90 நாள் கணக்கைக் கேட்கும். திடீரென்று 30,000 டொலர் ஒரு செவ்வாய்க்கிழமை வந்து விழுந்தால், அது என்ன என்று கேட்பார்கள். சீட்டு என்று சொன்னால் விளங்காது. விளங்கினால் இன்னும் சிக்கல், ஏனென்றால் எடுத்த சீட்டு மாதாமாதம் கட்டவேண்டிய கடன்.

அதனால் பிறந்ததுதான் அன்பளிப்புக் கடிதம். தாய் தகப்பனோ சகோதரமோ, "இந்தப் பணத்தை அன்பளிப்பாகக் கொடுக்கிறோம், திருப்பித் தரத் தேவையில்லை" என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். இருபத்தாறு வருடத்தில் இப்படிப்பட்ட கடிதங்கள் எத்தனையோ என் கையால் போயின. திருப்பித் தரத் தேவையில்லை என்று மனதார நினைத்துக் கையெழுத்திட்டவர்கள் எத்தனை பேர் என்று யோசித்தால் சிரிப்பு வரும். எங்கள் ஆட்களிடம் திரும்பி வராத கொடுப்பனவு என்று ஒன்று உண்டா? கலியாணத்துக்கு வைத்த காசையே கொப்பியில் எழுதி வைத்து, அவர்கள் வீட்டுக் கலியாணத்துக்கு அதைவிடக் கொஞ்சம் கூட்டி வைக்கிறவர்கள் நாங்கள். அண்ணன் தம்பிக்கு 40,000 கொடுப்பான், கடிதத்தில் அன்பளிப்பு, மனதில் கடன். நாலு வருடம் கழித்து இருவரும் கதைக்க மாட்டார்கள். அண்ணன் நீதிமன்றம் போனால், அவனே எழுதிய கடிதத்தை எதிர்த்தரப்பு எடுத்து நீட்டும்.

இதற்கு நான் தீர்வு வைத்திருக்கவில்லை. பொய்க்கடிதம் எழுதாதீர்கள் என்று மட்டும் சொல்வேன், அதை நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்றும் தெரியும்.

வரியை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். வீடு கைமாறும்போது ஒன்ராறியோவுக்குக் காணி மாற்று வரி. ரொறன்ரோ மாநகரம் 2008இலிருந்து தன் பங்குக்கும் அதேபோல் ஒன்று எடுக்கிறது. 800,000 டொலர் வீட்டுக்கு மாகாணத்துக்கு 12,475, மாநகரத்துக்கு 12,475. ஸ்டீல்ஸ் வீதியைக் கடந்து வடக்கே மார்க்கத்துக்குள் கால் வைத்தால் இரண்டாவது வரி இல்லை. வீதியின் இந்தப் பக்கம் ஒரு வரி கூட, அந்தப் பக்கம் குறைய. எங்கள் ஆட்கள் மார்க்கத்துக்குப் போனதற்குப் பாடசாலை காரணம் என்று சொல்வார்கள். நான் நம்புவது பாதி.

முதல் வீடு வாங்குகிறவருக்கு மாகாணம் 4,000 வரைக்கும், மாநகரம் 4,475 வரைக்கும் திருப்பித் தரும். இங்கே ஒரு பொறி. முதல் வீடு என்றால் கனடாவில் முதல் வீடு என்று பலரும் நினைக்கிறார்கள். சட்டம் சொல்வது உலகத்தில் எங்கேயும். ஒரு சோடி வந்தது, கலியாணமாகி மூன்று வருடம். அந்தக் கழிவுக்கு ஒப்பமிட இருந்தார்கள். பேச்சுவாக்கில் கேட்டேன், ஊரில் யாருக்காவது வீடு இருக்கிறதா என்று. பெண் சொன்னாள், கோப்பாயில் அம்மா எழுதித் தந்த சீதன வீடு இருக்கிறது, ஆனால் அதில் சித்தி இருக்கிறா, எங்களுக்கு ஒரு சதமும் வருவதில்லை என்று. வருவதில்லைதான். ஆனால் அவள் பெயரில் இருக்கிறது. அவளுக்குக் கழிவு இல்லை. மனைவியாக இருக்கும் காலத்தில் அவளுக்கு வீடு இருந்தபடியால் கணவனுக்கும் இல்லை. கணவன் அவளைப் பார்த்த பார்வை! சீதனமாக வந்த வீட்டுக்காக மனைவியைக் கோபிக்கும் யாழ்ப்பாணத்து மாப்பிள்ளையை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டேன்.

இன்னொன்று, இது எச்சரிக்கை. 2023 ஜனவரி முதல் கனடாவில் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ இல்லாதவர் நகரப் பகுதிகளில் குடியிருப்பு வாங்குவதற்குத் தடை. பிறகு அதை 2027 ஜனவரி 1 வரை நீட்டினார்கள். அகதியாக ஏற்கப்பட்டவர்களுக்கும், சில நிபந்தனைகளோடு வேலை அனுமதி உள்ளவர்களுக்கும் விலக்கு உண்டு. அதோடு ஒன்ராறியோ வெளிநாட்டவருக்குப் போடும் தனி வரி 25 வீதம்; ரொறன்ரோ 2025இலிருந்து இன்னும் 10 வீதம் கூட்டியிருக்கிறது. இது எங்களுக்கு ஏன்? பார்வையாளர் விசாவில் வந்து நிற்கும் அப்பாவின் பெயரையும் "மரியாதைக்கு" வீட்டுப் பதிவில் போடுவோம் என்று கேட்டு வருகிறார்கள். பத்தில் ஒரு பங்குதானே என்பார்கள். தடையை ஒரு பக்கம் வைத்தாலும், வாங்குகிறவர்களில் ஒருவர் வெளிநாட்டவராக இருந்தால் வரி முழு விலைக்கும் விழும். அப்பாவுக்கு மரியாதை செய்ய வேறு வழி பார்க்கலாம்.

*

பெயர் போடுவது என்று வந்துவிட்டதால் ஒன்று சொல்ல வேண்டும். நான் ஊரில் படித்த காலத்தில் இதை யோசித்ததில்லை.

தேசவழமையின்படி சீதன வீடு பெண்ணின் சொத்து. ஆனால் அவள் அதை விற்க வேண்டுமென்றால் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 1911ஆம் ஆண்டுச் சட்டம். கணவன் தன் சொத்தை விற்க அவளைக் கேட்கத் தேவையில்லை. ஒன்ராறியோவில் குடும்பம் குடியிருக்கும் வீட்டை யாருடைய பெயரில் இருந்தாலும் மற்றவருடைய சம்மதம் இல்லாமல் விற்கவோ அடகு வைக்கவோ முடியாது. இரண்டு பக்கத்துக்கும் ஒரே விதி. கலியாணத்துக்கு முன்பே ஒருவர் உழைத்து வாங்கிய வீடானாலும், பிரிகிறபோது அது குடியிருந்த வீடென்றால் அதன் முழுப் பெறுமதியும் பங்கீட்டுக் கணக்குக்குள் வரும்.

பெயரில் இல்லாத மனைவியையும் கையெழுத்துக்குக் கூட்டி வாருங்கள் என்று நான் தொலைபேசியில் சொன்னால் சில ஐயாமார் கோபிப்பார்கள். "வீடு என்ரை பேரிலை, அவ ஏன்?" வந்தபிறகு அந்த அம்மாக்கள் பேனாவைப் பிடித்துக்கொண்டு முழுத் தாளையும் ஆறுதலாக வாசிப்பார்கள். நான் அவசரப்படுத்த மாட்டேன். தேநீர் போட்டுக் கொடுப்பேன். அவர்களில் சிலருக்கு அதுதான் இந்த நாட்டில் தங்கள் கையெழுத்துக்கு ஒருவர் காத்திருந்த முதல் சந்தர்ப்பம்.

பேஸ்மென்ட் பற்றிச் சொல்லாமல் போனால் நீங்கள் விட மாட்டீர்கள். கீழே வாடகைக்கு விட்டால் மோட்கேஜில் பாதி வரும் என்று முகவர் சொல்வார். வரும். ஆனால் விற்பனை ஒப்பந்தத்தில் சிறிய எழுத்தில் ஒரு வரியைத் தேடுங்கள். நிலவறைக் குடியிருப்பு சட்டப்படியானது என்று விற்பவர் எந்த உறுதிமொழியும் தரவில்லை என்று பெரும்பாலும் இருக்கும். அந்த வரியின் அர்த்தம், தீப் பாதுகாப்பு விதி, தனி வாசல், யன்னல், புகை எச்சரிக்கை எல்லாம் இனி உங்கள் தலையில் என்பதுதான். அதற்குள் குடியிருப்பது யார்? நேற்று வந்த எங்கள் பிள்ளைதான், படிக்க வந்தவன். எங்களில் முக்கால்வாசிப்பேர் அந்தப் படிகளில் இறங்கித்தான் இந்த நாட்டுக்குள் ஏறினோம். நாங்கள் வீட்டுக்காரர் ஆனதும் அதை ஏன் மறக்கிறோம் என்று எனக்கு விளங்குவதில்லை. ஒரு யன்னல் பெருப்பிக்கச் செலவாகும் காசு ஓர் உயிரைவிடக் கூடவா? இதைக் கேட்டதற்காக ஒரு வாடிக்கையாளர் எங்கள் அலுவலகத்தை விட்டே போனார். போகட்டும்.

வீட்டுப் பரிசோதகரை வைக்காமல் வாங்காதீர்கள். ஸ்காபரோவில் பல பங்களாக்கள் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் கட்டியவை. அறுபதுகளின் நடுவிலிருந்து எழுபதுகள் வரை கட்டிய வீடுகளில் அலுமினிய மின்கம்பி இருக்கலாம், காப்புறுதிக்காரன் முகம் சுளிப்பான். எண்ணூறாயிரம் கொடுக்கிற இடத்தில் பரிசோதகருக்குக் கொடுக்கும் ஐந்நூறு, அறுநூறுக்கு மறுகுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களே குடிபூரலுக்கு மூவாயிரம் டொலருக்குச் சாப்பாடு எடுப்பார்கள். பால் பொங்கும்போது புகை எச்சரிக்கை மணி அடிக்கும், ஐயர் மந்திரத்தை நிறுத்துவார், யாராவது ஒரு பெடியன் கதிரையில் ஏறித் துவாயால் வீசுவான். மணி அடித்தால் நல்ல சகுனம் என்று இப்போது சொல்லத் தொடங்கிவிட்டார்கள். வேலை செய்கிறது என்றாவது தெரிந்துவிடுகிறதே.

*

பொலித்தீன் பை அம்மாவுக்கு என்ன ஆனது என்று சொல்லவில்லை.

அவர் ஒவ்வொரு வருடமும் ஒரு சீட்டு எடுப்பார். எடுத்த காசோடு வங்கிக்குப் போய் முதலுக்கே நேராகக் கட்டுவார். பெரும்பாலான மோட்கேஜ்களில் வருடத்துக்கு இவ்வளவு வீதம் தண்டம் இல்லாமல் கூடுதலாகக் கட்டலாம் என்று ஒரு வாசகம் இருக்கும். அதை வாசித்தவர்கள் குறைவு. அவருக்கு ஆங்கிலம் வராது, மகனை வைத்து வாசித்திருக்கிறார். தனக்குத் தெரிந்த ஒற்றிக் கணக்கில் அவர் யோசித்திருக்கிறார்: முதலைக் குறைத்தால்தான் மீட்கலாம். 25 வருடக் கடன் பதினைந்தாம் வருடம் முடிந்தது. 2019இல் கடன் நீக்கப் பத்திரம் பதிய எங்களிடம் வந்தார்கள். அம்மாவுக்கு முதுகு வளைந்திருந்தது. பை அதே பைதான்.

ஊர்க் காணி விடுவிக்கப்பட்டு, அவருடைய மகள் போய்ப் பார்த்திருக்கிறாள். வீடு இல்லை, அத்திவாரமும் இல்லை. கிணறு மட்டும் இருக்கிறதாம், கட்டு உடையாமல்.

கணினியில் பதிவை முடித்து, இனி இந்த வீட்டின்மேல் யாருக்கும் ஒரு சதமும் இல்லை அம்மா என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அப்ப இனியாவது உறுதி தருவினமோ?"

பதிவகத்தின் பக்கத்தை அச்செடுத்தேன். ஒரே ஒரு தாள், கறுப்பு வெள்ளை, கீழே பக்க இலக்கம். அதற்குச் சட்டப்படி உறுதியின் மதிப்பு இல்லை, தகவல் மட்டும். அதை அவரிடம் சொல்லவில்லை. அலுவலக முத்திரையைத் தேடி எடுத்து, தேவையில்லாத ஓர் இடத்தில் அழுத்திக் குத்தி, கையில் கொடுத்தேன். நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார்.